பகிடியும் ஒளிநாடாவும்

குளங்கட்டிய மன்னர்களின் பெயர்களை நம் மாணவர் மனனஞ் செய்கின்றனர். அக்குளக்கட்டுக்கு மண் சுமந்த மக்கள், மாலையில் இளைப்பாறுகையில் எதைச் சொல்லிச் சிரித்தனர் என்ற வினா எந்தப் பரீட்சைத் தாளிலும் இடம்பெற்றதில்லை. இடம்பெற்றாலும் விடை எழுதச் சான்று ஏதுமில்லை. வெற்றிக்குக் கல்வெட்டு இருக்கின்றது. சாவுக்கு ஒப்பாரி இருக்கின்றது. சிரிப்போ சிரித்தவர் வாயோடு போய்விட்டது. மக்கள் வரலாற்றை எழுத முனைவோர்க்கு இது பெருங்குறை என்றே நாம் கருதுகின்றோம்.

சென்ற நூற்றாண்டிலேதான் சிரிப்பைப் பதிந்து வைக்கும் கருவிகள் பரவலாக மனிதன் கைக்கு வந்தன. அக்கருவிகள் வந்த பின்னராவது சாதாரண மக்களின் சிரிப்பு காப்பாற்றப்பட்டதா? யாருடைய சிரிப்பு காக்கப்பட்டது, யாருடைய சிரிப்பு அழிந்தது? சில நிமிடங்களே நீளும் நகைச்சுவைத் துண்டுக் காட்சி என்ற சிறிய பொருளை எடுத்துக்கொண்டு, அது மேடையிலிருந்து வானொலிக்கும், ஒலிநாடாவுக்கும், வீட்டு வீடியோவுக்கும் பெயர்ந்த கதையை, வன்னிப் பெருநிலத்தில் நின்று பார்க்க முயல்கின்றோம்.

தமிழகத்தார் பகடி என்பதை நாம் பகிடி என்கின்றோம். சொல் ஒன்றே. ஆயினும் நம் நாட்டில் அதற்கு இரு முகங்கள் உண்டு. திண்ணையிலும் வயல்வரம்பிலும் விடுவது பகிடி. பல்கலைக்கழகத்தில் புதிதாக வந்த மாணவனை மூத்தோர் இழிவுபடுத்துவது பகிடிவதை. அதைத் தடை செய்ய 1998 இல் 20ஆம் இலக்கச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வலியவனைப் பார்த்து எளியவன் சிரிப்பதும், எளியவனைச் சுற்றி நின்று வலியவர் சிரிப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது மனங்கொளத்தக்கது. கூத்துக் களரியிலே அரசன் வரவைக் கூற வருகின்ற கட்டியகாரன், அவ்வரசனையே சற்றுக் கிண்டல் செய்துவிட்டுப் போவான். முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து விடிய விடிய நடந்த நாள்களில், சபை நிமிர்ந்து உட்கார்ந்தது இத்தகைய இடங்களிலேதான் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தொலைக்காட்சியின் துண்டுக் காட்சிக்கு மூதாதை இக்கட்டியகாரனே.

தொலைக்காட்சி வேரூன்றிய பெரிய நாடுகளில் இக்கலைக்கு நேர்ந்ததை முதலிற் காண்பது பயன் தரும். செல்வம் மிகுந்த இடத்தில் சிரிப்பு பத்திரமாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடுமன்றோ? உண்மை வேறு. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி., 1953 இல் நடந்த முடிசூட்டு விழாவின் பதிவைப் பேணி வைத்துள்ளது. ஆனால் 1965 இல் தொடங்கிய, பீற்றர் குக், டட்லி மூர் என்ற இரு நடிகரின் நகைச்சுவைத் தொடரின் ஒளிநாடாக்களிற் பெரும்பகுதியை அதே நிறுவனம் அழித்துவிட்டது. அன்று ஒளிநாடா விலை கூடிய பொருள். ஒரு நிகழ்ச்சியை அழித்து அதன் மேல் இன்னொன்றைப் பதிவது வழக்கமாயிருந்தது. புதிய நாடாக்களின் செலவைத் தாமே தருவதாக அந்நடிகர்கள் கேட்டும் நிறுவனம் இணங்கவில்லை. 1967 இல் வேறொரு நிறுவனம் ஒளிபரப்பிய 'அற் லாஸ்ற் த 1948 ஷோ' என்ற கோணங்கித் தொடருக்கும் இதே கதிதான். அதில் நடித்த ஜோன் கிளீஸும் கிரஹாம் சப்மனும் பின்னர் வேறு நால்வரோடு சேர்ந்து 1969 இல் தொடங்கிய மொன்டி பைத்தன் தொடர் உலகப் புகழ் பெற்றது. அதன் 45 நிகழ்ச்சிகளும் தப்பின. முன்னைய தொடரோ துண்டு துண்டாகத்தான் மீண்டது. சுவீடன் நாட்டுத் தொலைக்காட்சிக்கெனத் தொகுத்த பிரதிகளிலிருந்து சில பகுதிகள் கிடைத்தன. படம் அழிந்த பல பகுதிகளின் ஒலி மட்டும், பார்வையாளர் தம் வீட்டில் பதிந்து வைத்திருந்த நாடாக்களிலிருந்து கிடைத்தது. கூட்டுத்தாபனங்களின் களஞ்சியத்தில் இல்லாதது, யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் இருந்தது!

அந்த வீட்டுப் பதிவை முதலாளிகள் விரும்பினர் என்று எவரும் எண்ணற்க. 1975 இல் சொனி நிறுவனம் பெற்றாமக்ஸ் கருவியையும், மறு ஆண்டில் ஜே.வி.சி. நிறுவனம் வீ.எச்.எஸ். கருவியையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. வீட்டில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைப்பது திருட்டு எனக் கூறி அமெரிக்கப் படக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1984 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வேறொரு நேரத்தில் பார்ப்பதற்காக வீட்டிற் பதிவது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். வழக்கில் தோற்ற கம்பெனிகளே பின்னர் வீட்டு வீடியோ விற்றுப் பெரும்பணம் சேர்த்தன என்பது தனிக் கதை. அக்கதை நமக்கு வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கிற்று. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. அதற்கு முன்பே தமிழ் மக்களின் பகிடிக்கு வானொலி ஒரு வீடு கொடுத்திருந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் எழுபதுகளில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' நான்கு மனிதரை நாடெங்கும் அறிமுகம் செய்தது. மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழ் பேசினார். உபாலி சிங்களவர் பேசும் தமிழைப் பேசினார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஐயர் பிராமணத் தமிழ். இத்தொடரை எழுதிய எஸ். ராமதாஸே மரிக்காராக நடித்தார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரன் உபாலி. ஐயராகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீத்.

இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இந்துவாகிய ஒருவர் முஸ்லிமாகவும், முஸ்லிமாகிய ஒருவர் ஐயராகவும், தமிழர் ஒருவர் சிங்களவராகவும் பேசினர். கேட்ட மக்கள் எவரும் கோபிக்கவில்லை. மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயரையே நடிகரின் பெயரோடு சேர்த்து அழைத்தனர். 1972 இன் அரசியலமைப்பு சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய காலம் அது. 1977 இன் கலவரம் தொலைவில் இல்லாத காலமும் அதுவே. அந்நாள்களில் நால்வகைப் பேச்சு ஒரே ஒலிவாங்கியின் முன் நின்று ஒன்றையொன்று கேலி செய்தது. 1976 இல் 'கோமாளிகள்' திரைப்படமாகவும் வந்தது. அந்நகைச்சுவை ஆழமானது என்றோ, சமுதாயத்தை மாற்றியது என்றோ நாம் சொல்லவில்லை. அந்நான்கு குரலுள் வன்னி விவசாயியின் குரல் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆயினும் பின்னாளில் நாடு இழந்த ஒன்று அவ்வொலிப்பதிவில் கேட்கின்றது. ஏழாண்டு கழித்து, 1983 ஜூலையில், ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானது. ஈழத்துத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் மூலப்பிரதிகள் அக்கலவரத்தில் அழிந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி நாம் இன்றும் பேசுகின்றோம், பேசவும் வேண்டும். எரிந்த படச்சுருள்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர்.

வன்னிக்கு மிக நெருங்கி வந்த பகிடி 'அண்ணை றைற்'. கரவெட்டியிற் பிறந்த கே.எஸ். பாலச்சந்திரன் எழுபதுகளில் மேடையேற்றிய தனிநடிப்பு அது. பேருந்து இல்லை, பயணிகள் இல்லை, மேடையில் ஒரே ஒரு மனிதர். அவர் கொண்டக்ரராகிச் சனத்தை உள்ளே தள்ளுவார், சில்லறைக்குச் சண்டையிடுவார், மிதிபலகையில் தொங்குபவனை அதட்டுவார். பயணிகளின் மறுமொழியை நாம் அவர் முகத்திலிருந்தும் குரலிலிருந்தும் ஊகித்துக்கொள்ள வேண்டும். அண்ணை என்பது சாரதி. றைற் என்றால் வண்டியை எடுக்கலாம். 1958 இல் நாட்டுடைமையாக்கப்பட்ட பேருந்துச் சேவை, சாதி பார்த்து ஆசனம் ஒதுக்கிய பழைய மனோபாவத்தை நெரிசலினாலேயே உலுக்கிய ஓர் இடம். பெரிய மனிதரும் கூலியாளும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்கும் அவ்விடத்தைப் பாலச்சந்திரன் கண்டுகொண்டார். அவருடைய கொண்டக்ரர் தொழிலாளி. அதே வேளையில் சனத்தின் மேல் அதிகாரம் செலுத்தும் குட்டி அரசன். அவனை வெறுக்கவும் முடியவில்லை, முழுதாகப் பாராட்டவும் முடியவில்லை. நம் முற்போக்கு நாடகங்களில் வரும் தொழிலாளிகளிற் பலர் சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்தவர்போல் இருக்கையில், இம்மனிதன் இ.போ.ச. சாலையிலிருந்து இறங்கி வந்தான். இதைக் கூறுவதில் நமக்கு வெட்கமில்லை.

இத்தனிநடிப்பு ஒலிநாடாவாக வந்தது. நாம் சிறுவராயிருந்தபோது கேட்டதும் அவ்வடிவிலேதான்.

எப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்லாவிடில் இவ்வரலாறு நிறைவுறாது. 1990 முதல் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரம் இல்லை. பற்றரி, எரிபொருள், சீமெந்து, உரம் முதலியவை பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தன. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, கையால் மிதிகட்டையைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை நம்முடையது. சுழற்றுபவன் களைத்தால் பாடகர் குரல் தடிக்கும், நாடா இழுபடும். 'அண்ணை றைற்' கேட்டபோது, சுழற்றிய அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமற் கையை விட்டுவிட, கொண்டக்ரர் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கிப் போயிற்று. அந்தக் கோளாறு மூலக் காட்சியைவிடப் பெரிய பகிடியாயிற்று. மூலத்தைப் பழுதின்றிப் பின்னாளில் கேட்டபோது ஏதோ குறைவதாகவே நமக்குப் பட்டது.

வீடியோ என்பது அந்நாளில் ஊர்ச் சம்பவம். கலியாண வீட்டுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ரி.வி.யும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வரும். மண்ணெண்ணெய் உள்ளவரை படம் ஓடும். நிதர்சனம் நிறுவனம் வெளியிட்ட 'ஒளிவீச்சு' என்ற காணொளி இதழும் நாடாக்களில் ஊருக்கு ஊர் சென்றது. போர்க்கால வன்னிக்கு வீட்டு வீடியோ என்றால் ஒரு வீட்டாருக்குரிய பொருளன்று. முற்றத்தில் பாய் விரித்து ஐம்பது, அறுபது பேர் இருந்து பார்ப்பது. மேலை நாட்டில் மனிதனைத் தன் அறைக்குள் தனியே அமர்த்திய அதே கருவி, இங்கே தடையாலும் வறுமையாலும் கூத்துக் களரிபோல் ஆயிற்று. வறுமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அம்முற்றத்தில் இருந்த பிள்ளைகளிற் பலர் அரைவயிற்றோடு இருந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகரை விட்டு மல்லாவிக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் போன குடும்பங்கள் எடுத்துச் சென்ற பொருள்களில் ஒலிநாடாப் பெட்டியும் இருந்ததை நாம் கண்டிருக்கின்றோம். அரிசி மூட்டைக்கு மேல் அதை வைத்துக் கட்டியிருந்தனர்.

2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏ9 வீதி திறந்தது. வீதியோடு இறுவட்டும் வந்தது. கிளிநொச்சிக் கடைகளில் சென்னையின் இறுவட்டுகள் தொங்கின. விஜய் தொலைக்காட்சியில் 2003 இல் தொடங்கிய 'லொள்ளு சபா' நம் ஊருக்குத் தொலைக்காட்சி வழி வரவில்லை. யாரோ பதிந்து, யாரோ பிரதி செய்து, படங்களின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ராம்பாலா இயக்க, சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா முதலியோர் நடித்த அத்தொடர், புகழ்பெற்ற தமிழ்ப் படங்களைக் காட்சிக்குக் காட்சி எடுத்துக் கேலி செய்தது. ஒரே அறை, அட்டைச் சுவர், மலிவான விக். கதாநாயகன் நூறு பேரை அடிக்கும் இடத்தில் இவர்களிடம் நூறு பேர் இல்லை. அடிவாங்கியவனே திரும்ப வந்து வரிசையில் நிற்பான். திரை நடிகரைத் தெய்வமாக்கி, அத்தெய்வத்திடமே ஆட்சியையும் கையளித்த ஒரு நாட்டில், அந்த விக்கைக் கழற்றிக் காட்டியது சிறு செயலன்று. நடிப்பின் பொய்யை நடித்தே உடைக்கும் இம்முறை கட்டியகாரனின் முறைதான்.

ஆனால் குற்றங் கூறவும் வேண்டும். அதே தொடரில், கறுத்த நிறத்தையும் பருத்த உடலையும் காட்டிச் சிரிப்பு வாங்கிய இடங்கள் ஏராளம். ஆண் பெண்ணுடை தரித்து வந்தாலே பகிடி என்ற சோம்பேறித்தனமும் மிகுதி. இங்கே பகிடி பகிடிவதையாகிவிடுகின்றது. திரைப்படத்துக்குப் போன சந்தானம் அங்கு பெற்ற கைதட்டலிலும் பெரும்பங்கு இவ்வகைச் சிரிப்புக்கே உரியது. முற்றத்தில் இருந்து பார்த்த நாமும் அன்று சிரித்தோம். பக்கத்தில் இருந்த, நிறத்தால் கேலிக்குள்ளாகும் தோழி சிரிக்கவில்லை என்பதை அன்று கவனிக்கவில்லை. நினைவில் இன்று கவனிக்கின்றோம்.

அதன் பின் 2008 உம் 2009 உம் வந்தன. மேற்கே மன்னார் எல்லையிலிருந்து கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர்ந்தது. ஒவ்வோர் இடத்திலும் மூட்டை சிறுத்தது. முதலில் தளபாடம், பிறகு சைக்கிள், பிறகு பாத்திரம். ஒலிநாடாப் பெட்டி எந்த இடத்தில் இறக்கி வைக்கப்பட்டது என்று எம் வீட்டில் எவருக்கும் நினைவில்லை. 2009 மே மாதத்தின் பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் போனபோது கையில் இருந்தவை அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழ்களும் நிவாரண அட்டையும். வன்னியின் வீடுகளில் இருந்த நாடாக்கள், அவற்றிற் பதிந்திருந்த ஊர் நாடகங்கள், பள்ளிக்கூட விழாக்கள், கலியாண வீட்டில் மாமன் ஒருவர் குடித்துவிட்டு அடித்த பகிடி, எல்லாம் பதுங்குகுழி மண்ணோடு போயின. பீற்றர் குக்கின் நாடாவை அழித்த நிறுவனத்துக்கு ஒரு முகவரி உண்டு, கேள்வி கேட்கலாம். இங்கே இழந்ததற்கு ஒரு பட்டியல்கூட இல்லை.

பாலச்சந்திரன் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தார். அங்கும் தமிழ்த் தொலைக்காட்சியில் 'வை.ரி. லிங்கம் ஷோ' என்ற நகைச்சுவைத் தொடரைப் படைத்தார். 2014 பெப்ரவரியில் காலமானார். 2005 முதல் நூலக நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருவது நம் காலத்துப் பெரும்பணி. ஒலியும் ஒளியும் அதில் இடம்பெற்று வருகின்றன. எனினும் அங்கு சேர்வதற்கு ஒரு பிரதியாவது யாரிடமாவது மிஞ்சியிருத்தல் வேண்டும். 'லொள்ளு சபா'வுக்கோ இப்பிரச்சினை இல்லை. நம் மாணவர் அதைக் கைத்தொலைபேசியில் நினைத்த பொழுது காண்கின்றனர். இதன் விளைவை வகுப்பறையில் நேரிற் கண்டோம்.

2022 இன் பிற்பகுதியில், வகுப்பு ஒன்றுகூடலுக்காக மாணவரை ஒரு நகைச்சுவைக் காட்சி எழுதி வருமாறு கேட்டோம். எழுதி வந்தவர் அனைவரும் சென்னைத் தமிழில் எழுதியிருந்தனர். அவர்களுள் ஒருவரும் சென்னையைக் கண்டவரல்லர். உங்கள் ஊர்க் கதையை உங்கள் பேச்சில் எழுதினால் என்ன என்று கேட்டதற்கு ஒருவன் எழுந்து, "சேர், எங்கட கதையில என்ன பகிடி இருக்கு?" என்றான். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டான். அவ்வினாவுக்கு நம்மிடம் உடனே விடை இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து 'அண்ணை றைற்' கேட்ட கதையை மட்டும் சொன்னோம்.

மறு கிழமை அவர்கள் ஐவர் ஒரு காட்சி நடித்தனர். எரிபொருள் நிலையம். அவ்வாண்டு நாடெங்கும் நின்ற வரிசை. முதியவர் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு இரண்டு நாளாக நிற்கின்றார். முன்னும் பின்னும் நிற்பவர்கள் புதியவர்கள். வரிசையில் நிற்கத் தெரியாதவர்கள். முதியவர் அவர்களுக்கு வகுப்பு எடுக்கின்றார்: செருப்பை வைத்து இடம்பிடிப்பது எப்படி, நின்றுகொண்டே நித்திரை கொள்வது எப்படி, முன்னாலுள்ளவனுக்கு மயக்கம் வந்தால் அவனையும் இழக்காமல் இடத்தையும் இழக்காமல் தாங்குவது எப்படி. அவர் முறை வருகின்றது. கியூ.ஆர். எங்கே என்று ஊழியர் கேட்கின்றார். முதியவர் மடியிலிருந்து பொலித்தீன் பை ஒன்றை எடுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து, முகாமில் கொடுத்த நிவாரண அட்டையை நீட்டுகின்றார்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் நின்று பார்த்த, நம்மைவிட மூத்த ஆசிரியை ஒருவரும் சிரித்தார்; சிரித்தபடியே வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அக்காட்சியை ஒரு மாணவன் தன் கைத்தொலைபேசியிற் பதிந்தான். பிரதி எடுக்க வேண்டும் என்று நாமும் சொன்னோம், சொன்னதோடு விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டு அவன் வீட்டில் ஏற்பட்ட கடனுக்காக அந்தத் தொலைபேசி விற்கப்பட்டது. எழுத்துப் பிரதி எதுவும் இல்லை. நடித்தபோது பாதி அவர்கள் வாயில் வந்ததே. பதிந்தவன் இப்போது கட்டாரில் வேலை செய்கின்றான். அவனோடு பேசினோம். வரிசை வகுப்பின் முதற்பகுதி தனக்கு நினைவிருக்கிறதென்றான், சொல்லவும் சொன்னான், எழுதிக்கொண்டோம். மிகுதி முதியவராக நடித்தவனுக்குத்தான் தெரியும். அவன் தருமபுரத்தில் ஒரு சைக்கிள் திருத்தும் கடையில் நிற்கின்றான். வரும் சனிக்கிழமை கொப்பியும் பேனையும் கொண்டு அங்கே போகின்றோம்.